புல்வாருக்குள் யார் சொல் செல்லும்?

1954 மார்ச் 18 அன்று புதுச்சேரிப் பகுதியின் எட்டு கொம்யூன் மேயர்களும் நிர்வாகக் குழுவினரும் கூடி, பொது வாக்கெடுப்பு எதுவும் வேண்டாம், நேராக இந்தியாவோடு இணைந்துவிடுவோம் என்று தீர்மானம் போட்டார்கள். ஏழு மாதம் கழித்து அக்டோபர் 18 அன்று கீழூரில் ஓட்டுப் போட்ட 178 பேரில் பிரதிநிதி சபைக்காரர்களோடு நகரசபை உறுப்பினர்களும் இருந்தார்கள். 170 பேர் இணைப்புக்கு ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. எந்த நாட்டோடு சேர்வது என்பதில்கூட உள்ளாட்சி உறுப்பினர்களின் ஓட்டு எண்ணப்பட்ட ஊர் இது. அதே ஊரில் இன்று, நேரு வீதியில் ஸ்கூட்டரை எந்த ஓரத்தில் நிறுத்தலாம், ரோமன் ரோலன் வீதியில் எந்த வீட்டை ஓட்டலாக்கலாம் என்று கேட்டால், பதில் சொல்ல ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது.

நகராட்சி இருக்கிறது, ஆணையர் இருக்கிறார், வீட்டு வரி வசூலாகிறது. மன்றம்தான் இல்லை. பிரெஞ்சுக்காரர்கள் 1880 மார்ச் 12 அரசாணையால் இங்கே நகரசபைகளை அமைத்தார்கள். விடுதலைக்குப் பின் 1968இல் ஒரு தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டு கழித்து 2006இல். அந்த மன்றத்தின் ஐந்தாண்டு 2011இல் முடிந்தது. 2021 அக்டோபரில் மூன்று கட்டமாகத் தேர்தல் என்று தேதி குறித்தார்கள். வார்டு இடஒதுக்கீட்டில் குளறுபடி என்று வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது, அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு இதை எழுதும் வரை ஒன்றும் நடக்கவில்லை. இதற்கிடையே கடற்கரைச் சாலையில் இருந்த மேரி கட்டடம், அதாவது பழைய நகரசபைக் கட்டடம், 2014 நவம்பர் 29 அன்று மழையில் இடிந்து விழுந்தது. உலக வங்கிப் பணத்தில் பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டி, 2021 பிப்ரவரியில் பிரதமர் திறந்து வைத்தார். கட்டடத்தைத் திரும்ப எழுப்ப ஏழு ஆண்டுகூட ஆகவில்லை.

வண்டி நிறுத்துவதும் நில உபயோகமும் இரண்டு தனிப் பிரச்சினைகளாகவே எப்போதும் பேசப்படுகின்றன. ஒன்று போக்குவரத்துப் போலீஸ் விவகாரம், இன்னொன்று நகரமைப்புக் குழுமத்தின் விவகாரம். புதுச்சேரியின் பழைய நகரத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான் என்பது என் கட்சி. ஒரு வீடு பன்னிரண்டு அறை விடுதியாக மாறினால், வாசலில் நாலு கார் நிற்கும். அந்த நாலு கார் எங்கே நிற்கும் என்று யோசிக்காமல் விடுதிக்கு அனுமதி கொடுப்பதும், விடுதி எத்தனை என்று எண்ணாமல் காருக்கு அபராதம் போடுவதும் ஒரே தப்பின் இரண்டு பாதி.

ஊரின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்துவிடலாம். டச்சுக்காரர்கள் 1693 முதல் 1699 வரை இந்த ஊரை வைத்திருந்தபோது, நேர்நேரான வீதிகள் ஒன்றையொன்று வெட்டும் கட்டம் கட்டமான வரைபடம் ஒன்று போட்டார்கள். 1761இல் ஆங்கிலேயர்கள் ஊரைத் தரைமட்டமாக்கினார்கள். பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் ஊர் பிரெஞ்சுக்காரர்கள் கைக்குத் திரும்பியது. அதே கட்டத்தின் மேலேயே அவர்கள் மறுபடி கட்டினார்கள். பழைய மதில் இருந்த வட்டத்தில் புல்வார் என்ற சுற்றுச்சாலை வந்தது. மேற்கே அண்ணா சாலை, வடக்கே பட்டேல் சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கடல். நடுவே பெரிய வாய்க்கால். வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் நகரம், மேற்கே தமிழர் நகரம். தமிழர் பக்கத்திலும் வைசியாள் வீதி, கோமுட்டி வீதி, வெள்ளாளர் வீதி என்று சாதிக்கும் தொழிலுக்கும் தகுந்தபடி குடியிருப்பு. தெற்கே முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள். நில உபயோக மண்டலம் என்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல. யார் எங்கே குடியிருக்கலாம் என்பதை முதலில் நிறமும் சாதியும் முடிவு செய்தன. இப்போது சதுர அடியின் விலை முடிவு செய்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மன்றம் உட்கார்ந்து விவாதித்து முடிவு செய்த காலம் மிகக் குறைவு.

இந்த வீதிகள் ஆளும் மாடும் வில்வண்டியும் பல்லக்கும் போக அளவெடுத்தவை. வெள்ளையர் பகுதி வீடுகளுக்கு உயரமான மதிலும், குதிரை வண்டி உள்ளே நுழைகிற அகலமான வாசலும் உண்டு. கார் வந்தபோது அது அந்த வாசல் வழியே முற்றத்துக்குள் போய்விட்டது. தமிழர் பகுதி வீட்டின் கதை வேறு. வீதியை ஒட்டித் தாழ்வாரம், அதன்மேல் சாய்ந்த ஓட்டுக்கூரை, மரத்தூண்கள், பின்னால் திண்ணை, அப்புறம் கதவு. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே சுவர் பொது. முன்னால் ஒரு சாண் இடம்கூட விடுவதில்லை, பக்கத்தில் விடுவதில்லை. வெயிலில் நடப்பவன் ஒரு வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து அடுத்த வீட்டுத் தாழ்வாரத்துக்கு நிழலிலேயே போய்க்கொண்டிருக்கலாம். அவனுக்கு நடைபாதை போட்டுக் கொடுத்தது நகராட்சி அல்ல, வீட்டுக்காரர்.

இப்போது விதிப் புத்தகத்தை எடுத்துக்கொள்வோம். 1969ஆம் ஆண்டின் நகர, கிராம அமைப்புச் சட்டத்தின் கீழ் நகரமைப்புக் குழுமம் இயங்குகிறது. கட்டடங்களுக்கு 2012ஆம் ஆண்டின் கட்டட துணைவிதிகளும் மண்டல ஒழுங்குமுறைகளும். இந்தியாவின் எல்லா நகரங்களையும் போல இங்கும் கட்டடத்தின் பரப்பையும் உபயோகத்தையும் பார்த்து, மனைக்குள்ளேயே இத்தனை வண்டிக்கு இடம் விட வேண்டும் என்பது விதி. பாரம்பரியப் பகுதிக்கென்று உயரக் கட்டுப்பாடு போன்ற தனி விதிகளும் இருக்கின்றன. காகிதத்தில் எல்லாம் சரி. ஆனால் இருபதடி முகப்பும் நூறடி நீளமும் உள்ள தமிழ் வீட்டு மனையில் மனைக்குள் வண்டி நிறுத்த இடம் எங்கிருந்து வரும்? ஒரே வழிதான். திண்ணையை இடி, தாழ்வாரத்தை எடு, தரைத்தளத்தைத் தூண்மேல் தூக்கிவிட்டு ஷட்டர் போடு. ஒரு வீடு அப்படி மாறினால் நிழல் அங்கே அறுந்துவிடும். ஐந்து வீடு மாறினால் அது வேறு வீதி. பாரம்பரியத்தைக் காப்போம் என்று ஒரு அத்தியாயமும், மனைக்குள் வண்டி நிறுத்து என்று இன்னொரு அத்தியாயமும் எழுதினால், இரண்டாவதுதான் ஜெயிக்கும். ஏனென்றால் முதலாவதற்குச் செலவு செய்ய வேண்டும், இரண்டாவதில் வாடகை வரும்.

இதற்கு மாறாகச் செய்ய முடியும் என்பதற்கு இதே ஊரில் ஒரு வீதி சாட்சி. வைசியாள் வீதியை, பதிவேட்டில் கால்வே சுப்பராய செட்டி வீதி, 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில் எடுத்துச் செய்தார்கள். பிரான்சின் வில்நெவ்-சுர்-லோ, இத்தாலியின் உர்பினோ ஆகிய இரு நகரங்கள் பங்காளிகள். மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் களத்தில் வேலை செய்தது. முகப்புகள், தாழ்வாரங்கள் சீராகின. 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருதுகளில் ஒன்று இந்த வீதிக்குக் கிடைத்தது. வெளிநாட்டுப் பணம் வந்ததால் நடந்தது என்று சொல்லலாம், சரிதான். ஆனால் பணத்தைவிட முக்கியம், ஒரு வீட்டை அல்ல, ஒரு வீதியை அலகாக எடுத்துக்கொண்டது. நம் விதிகள் மனையைத்தான் பார்க்கின்றன, வீதியைப் பார்ப்பதில்லை.

    

சரி, யார் முடிவு செய்கிறார்கள்? புல்வாருக்குள் பழைய வீடு ஒன்றை வாங்கி, மேலே மதுக்கூடத்தோடு கூடிய உணவகம் வைக்க நினைக்கிறவர் ஏறி இறங்க வேண்டிய படிகளைப் பாருங்கள். கட்டட வரைபட அனுமதிக்கு நகரமைப்புக் குழுமம். வியாபார உரிமத்துக்கு நகராட்சி. மதுவுக்குக் கலால் துறை. வாசலில் நிற்கும் வண்டிக்குப் போக்குவரத்துப் போலீஸ். இதில் ஒவ்வொரு அலுவலகமும் தன் கோப்பில் உள்ளதை மட்டும் பார்க்கும். எதிர்வீட்டுக்காரர் இரவு பதினோரு மணிக்கு யாரிடம் போய் முறையிடுவது? இப்படிப்பட்ட ரெஸ்டோபார்கள் குடியிருப்புப் பகுதிகளில் பெருகியதை எதிர்த்து இந்த ஊரில் சில ஆண்டுகளாகக் கட்சிகள் போராட்டம் நடத்திவருகின்றன. போராட்டம் வீதியில் நடக்கிறது, ஏனென்றால் அதைப் பேச வேண்டிய அறை காலியாகக் கிடக்கிறது. சட்டமன்ற உறுப்பினரிடம் போகலாம்தான், புதுச்சேரியில் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். சின்ன ஒன்றியப் பிரதேசம், எம்.எல்.ஏ. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார். சாக்கடை முதல் சாதிச் சான்றிதழ் வரை அவரே பார்க்கிறார். உள்ளாட்சித் தேர்தலுக்கு யாருக்கும் அவசரம் இல்லாததற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

அரசியல் சட்டம் என்ன சொல்கிறது என்பதில் குழப்பமே இல்லை. 1993 ஜூன் 1 அன்று நடைமுறைக்கு வந்த 74ஆவது திருத்தம் பன்னிரண்டாம் அட்டவணையைச் சேர்த்தது. அதில் நகராட்சிக்கான 18 பொறுப்புகள். முதலாவது நகரமைப்பு. இரண்டாவது நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது. ஒன்றியப் பிரதேசங்களுக்கும் இது பொருந்தும். ஐந்தாண்டு முடிவதற்குள் தேர்தல் நடத்த வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆனால் மாநில அரசு ‘கொடுக்கலாம்’ என்ற வகையில்தான் அந்த அதிகாரங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. நகரமைப்பைப் பெரும்பாலான மாநிலங்கள் மனமுவந்து கொடுத்ததில்லை. வண்டி நிறுத்தம் இன்னும் மோசம். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 117ஆவது பிரிவு, வண்டிகள் எங்கே நிற்கலாம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசுக்கோ அது நியமிக்கும் அதிகாரிக்கோ தருகிறது. உள்ளாட்சியைக் ‘கலந்தாலோசிக்க’ வேண்டும், அவ்வளவுதான். மன்றமே இல்லாத ஊரில் யாரைக் கலந்தாலோசிப்பது? ஓர் அரசு அலுவலர் இன்னோர் அரசு அலுவலருக்குக் கடிதம் எழுதுவார், பதில் வரும், கலந்தாலோசனை முடிந்தது.

முடிவுகள் வராமலில்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டி போகக் கூடாது என்பது புதுச்சேரியில் எடுக்கப்பட்ட நல்ல முடிவுகளில் ஒன்று. மாலையில் அங்கே நடந்தவர்கள் யாரும் அதை மாற்றச் சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்தக் கார்கள் மறைந்துவிடவில்லை. சனிக்கிழமை மாலையில் துய்மா வீதியிலும் சுஃப்ரேன் வீதியிலும் ஒரு ஓரம் முழுக்கச் சென்னை, பெங்களூர்ப் பதிவெண்கள் நிற்கும். குடியிருப்பவர் தன் வாசலில் ‘நோ பார்க்கிங்’ பலகையும் இரண்டு பூந்தொட்டியும் வைத்து இடம் பிடிப்பார். சட்டப்படி பொது வீதியில் அவர் அப்படி வைக்கக் கூடாது. சுற்றுலாக்காரர் கேட்டை மறித்து நிறுத்தவும் கூடாது. இரண்டும் நடக்கிறது.

உள்ளூர் வண்டிகளின் எண்ணிக்கையைப் பார்த்து எதையாவது கணக்குப் போடலாம் என்றால், பதிவு எண்ணிக்கையை நம்ப முடியாது. வரி குறைவு என்பதால் வெளிமாநிலத்தார் இங்கே முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களைப் பதிவு செய்வது பழைய பழக்கம்; 2017இல் கேரள அரசு அதைத் தோண்டத் தொடங்கியபோது பெரிய செய்தியானது. பி.ஒய். எண் உள்ள கார் கொச்சியில் நிற்கலாம், புல்வாரில் நிற்கும் கார் டி.என். எண்ணாக இருக்கலாம். வீதி வீதியாக, மணி வாரியாக நின்று எண்ணினால்தான் உண்டு.

இடம் போதவில்லை என்றால் அரசுக்குத் தோன்றும் முதல் விடை பல அடுக்கு நிறுத்தம். 2017 ஜூனில் புதுச்சேரி ஸ்மார்ட் சிட்டி பட்டியலில் இடம் பிடித்தது. நேரு வீதியில் பழைய சிறைச்சாலை இருந்த இடத்தில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டும் திட்டம் அதில் சேர்ந்தது. சிறை காலாப்பட்டுக்குப் போய்விட்டது. ஊரின் நட்ட நடுவில், சந்தைக்கும் கடைவீதிக்கும் பக்கத்தில் இவ்வளவு பெரிய நிலம் இனிக் கிடைக்காது. அதில் கார்களை அடுக்குவதா, பள்ளியா, பூங்காவா, இடம் பெயரும் சந்தைக்காரர்களுக்குக் கூரையா என்ற கேள்வி எந்த மன்றத்திலும் விவாதத்துக்கு வரவில்லை. ஸ்மார்ட் சிட்டிக்கென்று தனிக் கம்பெனி. கம்பெனிக்கு இயக்குநர் குழு. அந்தச் சந்தையான குபேர் அங்காடியை இடித்துக் கட்டும் திட்டம் வந்தபோதும், மாற்று இடம் பற்றிய சண்டையை வியாபாரிகள் நேராக அரசோடுதான் போட வேண்டியிருந்தது.

பல அடுக்கு நிறுத்தம் கெட்டது என்று சொல்லவில்லை. சென்னை தியாகராய நகரில் பாண்டி பஜாரை 2019 நவம்பரில் நடைப் பயணிகளுக்கான வளாகமாக மாற்றியபோது, பக்கத்திலேயே அடுக்கு நிறுத்தம் கட்டும் திட்டமும் சேர்ந்தே இருந்தது. பாடம் அதில்தான் இருக்கிறது. உள்ளே கட்டணம், வெளியே வீதியோரத்தில் இலவசம் என்றால் எவரும் உள்ளே போக மாட்டார்கள். அடுக்கு நிறுத்தம் கட்டுகிற அன்றே வீதியோர இடத்தை எடுக்க வேண்டும், அல்லது அதற்கு அதிக விலை வைக்க வேண்டும். நேரு வீதி வியாபாரிகளிடம் அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க ஓர் ஆளாவது வேண்டும். மாற்றலாகிப் போகும் அதிகாரி அந்தச் சண்டையை இழுத்துப்போட மாட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

தியாகராய நகரில் இன்னொரு பாடமும் உண்டு. 2011 அக்டோபர் 31 அன்று ரங்கநாதன் தெருப் பக்கம் விதிமீறிய பெரிய கடைகளுக்குச் சீல் வைத்தார்கள். பிறகு நீதிமன்றம், தற்காலிக அனுமதி, மறுபடி வியாபாரம். டெல்லியிலும் 2006இல் குடியிருப்புகளில் நடந்த கடைகளை உச்ச நீதிமன்ற உத்தரவில் பூட்டினார்கள். அடுத்த ஆண்டே மாஸ்டர் பிளானைத் திருத்தி அவற்றில் பலவற்றை முறைப்படுத்தினார்கள். பத்தாண்டு கண்ணை மூடிக்கொண்டு, ஒருநாள் பூட்டுப் போட்டு, அப்புறம் மன்னிப்பது நம் நாட்டு மண்டல விதிகளின் வழக்கமான சுற்று. புல்வார் வீடுகள் அந்தச் சுற்றில் இன்னும் முழுதாக மாட்டிக்கொள்ளவில்லை. மாட்டினால் மன்னிப்பு வரும்போது காக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

வெளி உலகத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு வகை விடை இருக்கிறது. ஒன்று ஜப்பானுடையது. 1962ஆம் ஆண்டுச் சட்டப்படி, கார் வாங்குகிறவர் வீட்டிலிருந்து இத்தனை தூரத்துக்குள், இப்போது 2 கிலோமீட்டருக்குள், நிறுத்த இடம் இருக்கிறது என்று போலீஸில் சான்று வாங்கிக் காட்ட வேண்டும். இரவில் வீதியில் விட்டுப் போக முடியாது. அதனால்தான் டோக்கியோவின் சந்துகள் சந்துகளாகவே இருக்கின்றன. வீட்டை இடித்துக் கார் நிறுத்தச் சொல்லவில்லை. காரை வாங்குகிறவன் இடம் தேடிக்கொள்ள வேண்டும். இன்னொன்று விலை. கலிபோர்னியாவின் நகரமைப்புப் பேராசிரியர் டொனால்டு ஷூப் 2005இல் தடித்த புத்தகம் ஒன்றில் வாதிட்டார்: இலவச நிறுத்தம் என்று ஒன்று கிடையாது, அதன் செலவை வாடகையிலும் பொருள் விலையிலும் கார் இல்லாதவரும் சேர்த்துக் கட்டுகிறார், ஒவ்வொரு வீதியிலும் ஓரிரு இடம் எப்போதும் காலியாக இருக்கும்படி விலை வையுங்கள், வசூலை அதே வீதிக்குச் செலவழியுங்கள். கட்டடங்களுக்குக் கட்டாய நிறுத்த அளவை எடுத்துவிட வேண்டும் என்ற அவர் வாதத்தின் வழியில் மெக்சிகோ சிட்டி 2017இல் போனது.

நமக்கு நெருக்கமானது பாரிஸ். 2024 பிப்ரவரி 4 அன்று, கனமான எஸ்.யு.வி. கார்களுக்கு நிறுத்தக் கட்டணத்தை மூன்று மடங்காக்கலாமா என்று நகராட்சி மக்களிடமே கேட்டது. 54.55 சதவீதம் ஆதரவு. நகர மையத்தில் வெளியூர்க் கார்களுக்கு மணிக்கு 18 யூரோ, குடியிருப்போருக்கு விலக்கு. ஆனால் ஓட்டுப் போட்டவர்கள் 6 சதவீதம்கூட இல்லை. இதைக் காட்டிக் கேலி செய்வது எளிது. நான் வேறு மாதிரி பார்க்கிறேன்: தோற்றவர்களுக்கு யாரைத் திட்ட வேண்டும் என்று தெரியும், அடுத்த தேர்தல் எப்போது என்றும் தெரியும். பாரிஸுக்கும் இது பழைய சொத்து அல்ல. கம்யூன் கிளர்ச்சிக்குப் பின் 1871 முதல் 1977 வரை அந்த நகரத்துக்கு மேயர் கிடையாது, அரசு நியமித்த அதிகாரிதான். ஆனால் அந்த நூறாண்டின் பெரும்பகுதியிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் ஒன்று கூடிக்கொண்டிருந்தது.

மன்றம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் நம்பவில்லை. கவுன்சிலர்கள் முதலில் செய்யப்போவது கடைக்காரர்களுக்கு இலவச நிறுத்தம் வாங்கிக் கொடுப்பதாக இருக்கலாம். நிறுத்தக் கட்டண வசூலை ஏலம் எடுப்பவர் யாரோ ஒருவரின் மைத்துனராக இருக்கலாம். மக்கள்தொகையில் புதுச்சேரி நகராட்சியைவிடப் பெரியது பக்கத்து உழவர்கரை. 2011 கணக்கில் இங்கே சுமார் 2.44 லட்சம், அங்கே 3 லட்சம். புல்வாருக்குள் தினம் வந்து போகும் ஸ்கூட்டர்களில் பல அந்தப் பக்கத்து ஆட்களுடையவை. அவர்களுக்கு இந்த மன்றத்தில் ஓட்டு இருக்காது. வெள்ளையர் நகரத்தில் வீடு வைத்திருப்பவர்களின் வசதிக்காக உழவர்கரையின் லாஸ்பேட்டையிலிருந்து கடை வேலைக்கு வரும் பெண்ணின் ஸ்கூட்டருக்குக் கட்டணம் போடுவது நியாயமா என்ற கேள்விக்கு ஷூப்பின் புத்தகத்தில் முழு விடை இல்லை. காருக்கு விலை, இருசக்கர வண்டிக்குத் தனி இடமும் மிகக் குறைந்த விலையும் என்றுதான் இந்த ஊரில் தொடங்க முடியும்.

தேர்தல் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு தெரு வியாபாரிகள் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவுக்கு ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் குறைந்தது 40 சதவீதம் தெரு வியாபாரிகளாகவே இருக்க வேண்டும், அதுவும் தங்களுக்குள் தேர்ந்தெடுத்துக்கொண்டு. காந்தி வீதியின் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை எங்கே தொடங்கி எங்கே முடியலாம் என்பது அப்படிப்பட்ட குழு பேச வேண்டிய விஷயம். அதே முறையில், குடியிருப்போர், கடைக்காரர், விடுதிக்காரர், ஆட்டோ ஓட்டுநர் என்று உட்கார வைத்து, வீதியோர இடத்துக்கு ஒரு குழு அமைக்க நகராட்சி ஆணையருக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 117ஆவது பிரிவு கேட்கும் கலந்தாலோசனையை அந்தக் குழுவிடம் செய்யலாம். கட்டட விதியிலும் ஒரு வரித் திருத்தம்: புல்வாருக்குள் தாழ்வாரத்தையும் திண்ணையையும் வைத்துக்கொள்கிற வீட்டுக்கு மனைக்குள் நிறுத்த இடம் கட்டாயமில்லை, இடித்துவிட்டு விடுதி கட்டுகிறவர் பழைய சிறைச்சாலை வளாகத்தில் ஆண்டுக் கட்டணத்துக்கு இடம் எடுத்ததற்கு ரசீது காட்ட வேண்டும்.

இதை முயற்சிக்க வைசியாள் வீதி வேண்டாம், அதை ஏற்கெனவே எல்லாரும் கொஞ்சிவிட்டார்கள். அம்பலத்தடையார் மடம் வீதியிலோ பாரதி வீதியிலோ, கடையும் குடும்பமும் கோயிலும் கலந்து கிடக்கும் ஒரு பகுதியில், நவராத்திரிக்கு முன்னால் தொடங்கிப் பொங்கல் வரை செய்து பார்க்கலாம். அந்த மூன்று மாதத்தில் மழை, தீபாவளிக் கூட்டம், புத்தாண்டுக்கு வரும் பெங்களூர்க் கார்கள் மூன்றும் வந்துவிடும்.